வீட்டுக் கடினநீர்: எந்த வேலைக்கு எந்த முறை?

டி.டி.எஸ். மீட்டரைத் தண்ணீரில் முக்கி, திரையில் தெரியும் எண்ணை வைத்து, கடினநீரை மென்மையாக்கும் சாஃப்ட்னர் கருவி வாங்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்பவர்கள் நிறையப் பேர். அந்த எண் இந்தக் கேள்விக்கு விடை தராது. தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்பதை அளந்து, கரைந்திருக்கும் மொத்த உப்பை மீட்டர் கணித்துச் சொல்கிறது. அதில் சோடியம் எவ்வளவு, கால்சியம் எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. மீட்டரில் 800 காட்டும் தண்ணீரில் சோப்பு நன்றாக நுரைக்கலாம். 400 காட்டும் தண்ணீரில் நுரையே வராமல் போகலாம். கடினத்தன்மை என்று நாம் சொல்வது பெரும்பாலும் கால்சியம், மெக்னீசியம் ஆகிய இரண்டின் வேலை.

அதனால் முதல் செலவு கருவிக்கு அல்ல, சோதனைக்கு. கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்துக்கொள்ளும் இடிடிஏ கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் சிவப்பிலிருந்து நீலமாக மாறும் வரை எண்ணும் சிறு சோதனைப் பெட்டி கிடைக்கிறது. ஆய்வகங்களிலும் அடிப்படையில் இதே முறைதான். விடை, கால்சியம் கார்பனேட்டாகக் கணக்கிட்டு லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று வரும். அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் பகுப்பின்படி 60 வரை மென்னீர், 120 வரை நடுத்தரம், 180 வரை கடினநீர், அதற்கு மேல் மிகக் கடினநீர்.

கூடவே காரத்தன்மையையும், அதாவது தண்ணீரில் இருக்கும் பைகார்பனேட் போன்றவற்றின் அளவையும், அளந்துவிடுங்கள். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கடினத்தன்மையில் இரண்டு வகை உண்டு என்று பள்ளியில் படித்திருப்போம். மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. அந்த அமிலம் சுண்ணாம்புக்கல்லைக் கரைத்து கால்சியம் பைகார்பனேட் ஆக்குகிறது. கொதிக்கவைத்தால் படிந்துபோகும் என்பதால் இது தற்காலிகக் கடினத்தன்மை. ஜிப்சம் போன்றவற்றிலிருந்து வரும் சல்பேட்டும், குளோரைடும் நிரந்தர வகை. காரத்தன்மை எண்ணையும் மொத்தக் கடினத்தன்மை எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: இரண்டில் எது சிறியதோ அதுதான் தற்காலிகப் பகுதி. மீதி இருந்தால் அது நிரந்தரம். எந்த முறை உங்கள் தண்ணீரில் பலிக்கும் என்பதைப் பாதி இந்தப் பிரிவே சொல்லிவிடும்.

ஒப்பிட வசதியாக, நாளுக்கு 500 லிட்டர் செலவாகும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். கடினத்தன்மை லிட்டருக்கு 350 மில்லிகிராம். குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ, குடிக்க எல்லாம் ஒரே தண்ணீர். கீழே வரும் கணக்கெல்லாம் இந்த வீட்டுக்குத்தான். உங்கள் எண்ணை அதில் போட்டுப் பாருங்கள்.

தொல்லை எங்கே இருக்கிறது?

கடினநீர் செய்யும் கேடு முக்கியமாக இரண்டு. ஒன்று சோப்பில். சோப்பு என்பது கொழுப்பு அமிலத்தின் சோடிய உப்பு. கால்சியம் அதைப் பிடித்துக் கரையாத கால்சிய உப்பாக்கிவிடுகிறது. வாளி விளிம்பில் ஒட்டும் அந்தச் சாம்பல் நிற அழுக்கு அதுதான். ஒரு கால்சிய அயனி இரண்டு சோப்பு மூலக்கூறுகளை வீணாக்கும். சோப்பு முழுதும் சோடியம் ஸ்டியரேட் என்று வைத்துக் கணக்குப் போட்டால், நம் 350 மில்லிகிராம் தண்ணீரில் 20 லிட்டர் வாளி ஒன்று சுமார் 43 கிராம் சோப்பை விழுங்கிய பிறகுதான் நுரை நிலைக்கும். சோப்புப் பொட்டலத்தில் கணிசமான பங்கு ஒரே வாளியில் போகிறது.

இரண்டாவது, சூடாகும் இடத்தில். பெரும்பாலான உப்புகள் வெந்நீரில் அதிகம் கரையும். கால்சியம் கார்பனேட் நேர்மாறு. தண்ணீர் சூடாக ஆக, கரியமில வாயு வெளியேற, பைகார்பனேட் கார்பனேட்டாகிப் படியும். ஹீட்டர் கம்பியிலும் கெட்டில் அடியிலும் சுண்ணாம்பு ஏறுவது இதனால்தான். சூட்டைத் தண்ணீருக்குக் கடத்தவிடாமல் அந்தப் படிவு தடுப்பதால் கம்பி அளவுக்கு மீறிச் சூடாகிச் சீக்கிரம் போய்விடும்.

குடிப்பதைப் பற்றி எல்லோரும் பயப்படுகிறார்கள். ஆனால் உலக சுகாதார நிறுவனம் கடினத்தன்மைக்கு உடல்நல அடிப்படையில் எந்த உச்சவரம்பும் வைக்கவில்லை. கால்சியமும் மெக்னீசியமும் உடம்புக்குத் தேவையானவை. குடிநீரில் கவலைப்பட வேண்டியவை கிருமி, ஃப்ளூரைடு, நைட்ரேட், ஆர்சனிக் போன்றவை. அவற்றைக் கடினத்தன்மையோடு போட்டுக் குழப்பக்கூடாது.

கருவியே வாங்காமல்

கடினத்தன்மை 120க்குள் இருந்தால் எந்தக் கருவியும் வேண்டாம் என்பேன். துணிக்குச் சோப்புக்குப் பதில் டிடர்ஜென்ட் போதும். அதில் இருக்கும் சல்ஃபோனேட் வகைகள் கால்சியத்தோடு சோப்பு அளவுக்குத் திரிவதில்லை. சலவைத் தூளில் ஏற்கெனவே ஜியோலைட், சோடா போன்ற மென்மையாக்கிகளும் கலந்திருக்கும். கெட்டிலுக்கும் ஷவர் தலைக்கும் அவ்வப்போது சிட்ரிக் அமிலம். லிட்டருக்கு 30 கிராம் அளவில் வெதுவெதுப்பான நீரில் கரைத்து ஊறவிட்டால் படிவு நுரைத்துக் கரையும். கொதிக்கவிட வேண்டாம்: கால்சியம் சிட்ரேட்டும் சூட்டில் குறைவாகக் கரையும் பொருள், ஒரு படிவைக் கரைக்கப் போய் இன்னொன்றை உண்டாக்கிவிடும். பளிங்குக் கல்லில் இந்தக் கரைசல் சிந்தவே கூடாது. பளிங்கே கால்சியம் கார்பனேட்தான்.

இடையில் ஒன்று: படிகாரம் கடினத்தன்மையைக் குறைக்காது. கலங்கலைத் திரட்டி அடியில் தள்ளுவது மட்டுமே அதன் வேலை. கரைந்த கால்சியத்தை அது தொடுவதில்லை.

கால்சியத்தைப் படியவைக்கும் முறைகள்

கொதிக்கவைப்பது பழைய வழி. பைகார்பனேட் உடைந்து சுண்ணாம்பாக அடியில் படிகிறது, மேல்நீரை இறுத்துக்கொள்ளலாம். ஆனால் தற்காலிகப் பகுதி மட்டுமே போகும், அதுவும் முழுதாகப் போகாது. 20 லிட்டரை 25 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோக ஒன்றே முக்கால் யூனிட் மின்சாரம் ஆகும். குடிக்கும் அளவுக்குச் சரி. துவைக்கும் அளவுக்குக் கட்டுப்படியாகாது.

சுண்ணாம்பு சேர்ப்பது அடுத்தது. சுண்ணாம்பால் வந்த கடினத்தன்மையைச் சுண்ணாம்பு போட்டே எடுப்பது முதலில் விசித்திரமாகத் தோன்றும். நீற்றிய சுண்ணாம்பு பைகார்பனேட்டைக் கார்பனேட்டாக மாற்றிவிடுகிறது. போட்ட சுண்ணாம்பும் தண்ணீரில் இருந்த சுண்ணாம்பும் சேர்ந்தே வீழ்படிவாகின்றன. தாமஸ் கிளார்க் என்ற ஸ்காட்லாந்து வேதியியலாளர் 1841 இல் காப்புரிமை பெற்ற முறை இது. பெரிய நீர் சுத்திகரிப்பு நிலையங்களில் இன்றும் இருக்கிறது. வீட்டுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். அளவு துல்லியமாக இருக்க வேண்டும். குறைந்தால் கடினத்தன்மை மிஞ்சும். கூடினால் மிஞ்சிய சுண்ணாம்பே கால்சியமாகத் தண்ணீரில் நிற்கும், தண்ணீர் கண்ணையும் தோலையும் எரிக்கும் காரமாகவும் ஆகிவிடும். நாளுக்கு நாள் மாறும் கிணற்று நீருக்கு யார் தினமும் அளந்து போடுவது?

வீட்டுக்கு ஏற்றது சலவை சோடா, அதாவது சோடியம் கார்பனேட். இது தற்காலிகம், நிரந்தரம் இரண்டிலும் கால்சியத்தைக் கார்பனேட்டாகப் படியவைக்கும். 100 கிராம் கடினத்தன்மைக்கு நீரற்ற சோடா 106 கிராம். நம் வாளிக்கு 7 கிராம் கடினத்தன்மை, ஆக ஏழரை கிராம் சோடா; படிகமாக வரும் வகை என்றால் அதில் பாதிக்கும் மேல் தண்ணீர் என்பதால் 20 கிராம். சில மணி நேரம் தெளியவிட்டு மேல்நீரை எடுத்தால் அதே வாளிக்கு 43 கிராம் சோப்பு வீணாவது பெருமளவு குறையும். கையால் துவைப்பவர்களுக்கு இதைவிட மலிவான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

அதன் குறைகளையும் சொல்ல வேண்டும். மெக்னீசியம் கார்பனேட் ஓரளவு கரையக்கூடியது, அதனால் மெக்னீசியம் மிகுந்த தண்ணீரில் பலன் பாதிதான். தண்ணீர் காரமாகிவிடுவதால் கம்பளி, பட்டு, அலுமினியப் பாத்திரம் மூன்றுக்கும் ஆகாது, கையும் வறளும். குளிக்க வேண்டாம், குடிக்கவே வேண்டாம். சலவை சோடா இல்லையென்று சமையல் சோடாவைப் போடுபவர்கள் உண்டு. அது சோடியம் பைகார்பனேட். குளிர்ந்த நீரில் கால்சியத்தைப் படியவைக்க அதில் போதிய கார்பனேட் கிடையாது.

முழு வீட்டுக்கும் இதைச் செய்யலாமா என்றால், நாளுக்கு 186 கிராம் நீரற்ற சோடாவும் அதற்கு ஈடான சுண்ணாம்புக் கசடும். தொட்டியை யாரும் அத்தனை முறை கழுவப்போவதில்லை. சலவை வாளிக்கு மட்டும் வைத்துக்கொள்வதே சரி.

அயனிப் பரிமாற்றம்: சாஃப்ட்னர் உள்ளே நடப்பது

முழு வீட்டுக்கும் என்று வந்துவிட்டால் என் வாக்கு இதற்குத்தான். ஆனால் உள்ளே நடப்பதைப் புரிந்துகொண்டு வாங்க வேண்டும், ஏனென்றால் கடையில் கேட்க வேண்டிய கேள்விகள் எல்லாம் அதிலிருந்துதான் வருகின்றன.

1850களில் இங்கிலாந்தில் தாம்ப்சன், வே என்ற இருவர் உரத்தில் இருக்கும் அம்மோனியாவை மண் பிடித்துக்கொண்டு, பதிலுக்குக் கால்சியத்தை வெளியே விடுவதைக் கண்டார்கள். ஒன்றை வாங்கி இன்னொன்றைக் கொடுக்கும் இந்தக் குணத்தை 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியில் ராபர்ட் கான்ஸ் செயற்கை ஜியோலைட் கொண்டு தண்ணீரை மென்மையாக்கப் பயன்படுத்தினார். இன்றைய சாஃப்ட்னரில் இருப்பது பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்கால் ஆன ரெசின் மணிகள். அதன் மூலக்கூறு சங்கிலிகள் கரைந்து போகாதபடி குறுக்குப் பிணைப்பு போட்டு, மேலே சல்ஃபோனேட் குழுக்களை ஏற்றியிருப்பார்கள். அந்தக் குழு எதிர்மின்னூட்டம் கொண்டது. அதனிடம் எப்போதும் ஒரு நேரயனி ஒட்டியிருந்தாக வேண்டும். புதிய மணியில் அது சோடியம்.

கடினநீர் போகும்போது, இரண்டு மின்னூட்டம் கொண்ட கால்சியத்தை ரெசின் இறுகப் பிடித்து, இரண்டு சோடியத்தை விட்டுவிடுகிறது. சோடியம் தீர்ந்ததும் ரெசினைச் செறிந்த உப்புநீரால் கழுவிப் புதுப்பிக்க வேண்டும். சரி, அப்படி இறுகப் பிடித்ததை உப்புநீர் எப்படிக் கழற்றுகிறது? இந்த இடம்தான் எனக்கு இந்த வேதியியலில் மிகவும் பிடித்தது. ரெசினுக்குக் கால்சியத்தின் மீது இருக்கும் விருப்பம் நிலையானது அல்ல. கரைசலின் செறிவைப் பொறுத்தது. நீர்த்த கரைசலில் இரட்டை மின்னூட்டத்துக்கே முன்னுரிமை. 10 சதவீத உப்புநீரில் அந்த முன்னுரிமை பெருமளவு சரிந்துவிடுகிறது. நம் தண்ணீரில் கால்சிய அயனி எத்தனையோ, அதைப்போல் ஏறக்குறைய 500 மடங்கு சோடிய அயனி வேறு வந்து நெருக்குகிறது. கால்சியம் கழன்று கழிவோடு போகிறது, ரெசின் மறுபடி சோடியத்தோடு தயார். ஒரே உப்பு, ஒரே மணி; செறிவை மாற்றியே வினையை இரு பக்கமும் ஓட்டுகிறோம்.

இதிலிருந்து ஒரு நடைமுறை விஷயம். உப்பைக் குறைத்துப் போட்டு மிச்சம் பிடிக்கப் பார்த்தால் உப்புநீர் நீர்த்துப்போய்ப் பாதி ரெசின் அப்படியே கிடக்கும். நம் வீட்டுக்கு 25 லிட்டர் ரெசின் என்று வைப்போம். லிட்டர் ரெசினுக்கு 120 கிராம் உப்பு வீதம் கழுவினால், ஒவ்வொரு லிட்டரும் சுமார் 50 கிராம் கடினத்தன்மையைப் பிடிக்கும். மொத்தம் 1,250 கிராம். தினம் 175 கிராம் வருகிறது. ஆக வாரம் ஒருமுறை 3 கிலோ உப்பு. கோட்பாட்டளவில் ஒன்றரைக் கிலோவே போதும், ஆனால் நடைமுறையில் இரு மடங்கு ஆகும். கழுவ, அலச எல்லாம் சேர்த்து 200 லிட்டர் போல் கழிவாகும், வாரத்துக்கு 3,500 லிட்டர் மென்னீருக்கு அது பெரிய இழப்பில்லை.

வாங்கும்போது, நாள் கணக்கில் கழுவும் டைமர் வகையைவிட, ஓடிய லிட்டரை எண்ணிக் கழுவும் வகையை எடுங்கள். வீட்டில் ஆள் இல்லாத வாரத்திலும் டைமர் உப்பைக் கொட்டிக்கொண்டிருக்கும். தண்ணீரில் இரும்பு இருந்தால் அதை முதலில் வடிகட்டியாக வேண்டும். துரு மணிகளை மூடிவிட்டால் உப்புநீரால் அதை எடுக்க முடியாது. குளோரின் அதிகம் கலந்த நீர் ரெசினின் குறுக்குப் பிணைப்பை மெல்ல அரிக்கும். முன்னால் ஒரு கார்பன் வடிகட்டி அதைத் தடுக்கும்.

இன்னொன்றும் தெளிவாக இருக்கட்டும். சாஃப்ட்னர் உப்பை நீக்குவதில்லை, மாற்றுகிறது. 40 கிராம் கால்சியத்துக்குப் பதில் 46 கிராம் சோடியம். மொத்த உப்பு குறையாது, ஒரு துளி கூடத்தான் செய்யும். நம் தண்ணீரில் லிட்டருக்கு 161 மில்லிகிராம் சோடியம் ஏறும். இரண்டு லிட்டர் குடித்தால் 322. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு நாளுக்கு 2,000 மில்லிகிராம் சோடியத்துக்குள் இருக்கச் சொல்கிறது. அதில் ஆறில் ஒரு பங்கு வெறும் தண்ணீரிலேயே போய்விடும். ரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்கள் இருக்கும் வீட்டில் இது சின்ன விஷயமில்லை. குழந்தைக்குப் பால்மாவு கரைக்கவும் இந்தத் தண்ணீர் வேண்டாம். உப்புக்குப் பதில் பொட்டாசியம் குளோரைடு போடலாம், வேதியியல் அதேதான். ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குப் பொட்டாசியம் அதைவிட ஆபத்து.

கழிவு உப்புநீர் எங்கே போகிறது என்பதையும் கேட்க வேண்டும். அது தோட்டத்தில் விழுந்தால் சோடியம் களிமண் துகள்களைப் பிரித்து மண்ணை இறுக்கிவிடும், செடிகள் கருகும். கழிவுநீர்க் குழாய் இல்லாத வீட்டில், உப்புநீர் நிலத்துக்குள் இறங்கி அதே கிணற்றுக்குத் திரும்பும் நிலை இருந்தால், சாஃப்ட்னர் வைக்காமல் இருப்பதே நல்லது என்று நினைக்கிறேன்.

ஆர்.ஓ.

அழுத்தம் கொடுத்துச் சவ்வு வழியே தண்ணீரைத் தள்ளுவது. கால்சியம், சோடியம் என்று பாராமல் கரைந்த உப்பில் பெரும்பகுதியை இது நிறுத்திவிடும். மொத்த உப்பைக் குறைப்பதில் இந்தப் பட்டியலில் இதற்கு ஈடில்லை. விலை, தண்ணீராகக் கொடுக்க வேண்டியிருக்கும். வீட்டுக் கருவிகளில் உள்ளே போவதில் பாதிக்கும் மேல் பெரும்பாலும் கழிவாகவே வெளியேறும். குளிக்கவும் துவைக்கவும் ஆர்.ஓ. என்பது 500 லிட்டருக்காக இன்னொரு 500 லிட்டருக்கு மேல் கொட்டுவது. அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

குடிநீரில் மொத்த உப்பு வாய்க்கு ஒவ்வாத அளவு இருந்தால், அல்லது ஃப்ளூரைடு போன்றவை சோதனையில் வந்தால், சமையலறையில் ஒரு சிறு ஆர்.ஓ. நியாயம். கடினநீர் சவ்வுக்கும் எதிரிதான். தண்ணீர் பிரிய பிரியக் கழிவுப் பக்கத்தில் கால்சியம் செறிந்து சவ்வின்மேல் சுண்ணாம்பு படியும். சாஃப்ட்னரிலிருந்து வரும் நீரை ஆர்.ஓ.வுக்குக் கொடுத்தால் சவ்வு நீடிக்கும், ஏறிய சோடியத்தையும் சவ்வு எடுத்துவிடும். இரண்டும் இருக்கும் வீட்டில் இந்த வரிசைதான் சரி.

கால்சியத்தை எடுக்காமல் அடக்குபவை

ஹீட்டருக்கும் சலவை இயந்திரத்துக்கும் முன்னால் மாட்டும் பாலிபாஸ்பேட் குப்பிகள் லிட்டருக்குச் சில மில்லிகிராம் அளவில் கரைந்து, முளைக்கும் சுண்ணாம்புப் படிகத்தின் மேல் ஒட்டி அதை வளரவிடாமல் செய்கின்றன. படிவுக்கு இது உதவும். ஆனால் அத்தனை சிறிய அளவு, இருக்கும் கால்சியம் முழுவதையும் கட்டிவைக்காது. அதனால் சோப்பு நுரைப்பதில் மாற்றம் தெரியாது. மிகுந்த சூட்டில் பாலிபாஸ்பேட் உடைந்து சாதாரணப் பாஸ்பேட்டாகி வலுவிழந்துவிடும். கழிவோடு ஏரி, குளத்துக்குப் போகும் பாஸ்பேட் பாசிக்கு உணவு. வாடகை வீட்டில் ஒரு ஹீட்டரைக் காப்பாற்ற மட்டும் என்றால் பரவாயில்லை.

குழாயில் மாட்டும் காந்தங்களுக்கு நான் பணம் கொடுக்கச் சொல்ல மாட்டேன். காந்தத்துக்கு முன்னும் பின்னும் இடிடிஏ சோதனை செய்தால் ஒரே எண்தான் வரும், ஏனென்றால் கால்சியம் எங்கும் போகவில்லை. படிவு குறைகிறது என்ற பேச்சுக்கும் ஒரே மாதிரியான சான்று இல்லை. ஒரு சோதனையில் பலன், இன்னொன்றில் ஒன்றுமில்லை.

உப்பில்லா கண்டிஷனர் என்று விற்பவற்றில் ஒரு வகையைக் காந்தத்தோடு சேர்த்து ஒதுக்கக்கூடாது. அதில் இருக்கும் மணிகளின் மேற்பரப்பில் கால்சியம் கார்பனேட் நுண்படிகமாக உருவாகிக் கழன்று தண்ணீரோடு போகும். பிறகு சூட்டில் படியவேண்டிய சுண்ணாம்பு, கம்பியை விட்டு அந்த நுண்படிகங்களின் மேல் போய்ச் சேரும். ஹீட்டர் படிவைக் குறைப்பதில் இதற்கு நல்ல சோதனை முடிவுகள் இருக்கின்றன. உப்பும் வேண்டாம், கழிவும் இல்லை. ஆனால் இதை சாஃப்ட்னர் என்று சொல்லி விற்பது தவறு: கடினத்தன்மை அப்படியே இருப்பதால் சோப்பு அழுக்கும் தலைமுடியின் சொரசொரப்பும் மாறாது. தற்காலிகக் கடினத்தன்மை மிகுந்து, ஹீட்டர் மட்டுமே தொல்லை என்றால் நான் சாஃப்ட்னருக்கு முன் இதைப் பார்ப்பேன். நிரந்தர வகை மிகுந்த நீரில் இதற்கு வேலை குறைவு.

குழாயைப் பிரிப்பது

சாஃப்ட்னர் என்று முடிவானால், பிளம்பர் வருவதற்கு முன்பே தண்ணீர் எந்தெந்த வழியில் போக வேண்டும் என்று ஒரு தாளில் வரைந்து வையுங்கள். குளியலறை, ஹீட்டர், சலவை இயந்திரம் மூன்றும் மென்னீர்க் குழாயில். தோட்டம், கழிப்பறை, முற்றம் கழுவுவது எல்லாம் நேரடிக் குழாயில்; அங்கே மென்மையாக்கினால் உப்புதான் வீண். குடிக்கவும் சமைக்கவும் சமையலறையில் மென்மையாக்காத ஒரு குழாய் தனியாக. இப்படிப் பிரித்தால் 500 லிட்டரில் 300 மட்டும் சாஃப்ட்னர் வழியே போகக்கூடும். அப்போது 15 லிட்டர் ரெசின் போதும், வாரத்துக்கு இரண்டு கிலோவுக்குக் குறைவான உப்பு. கருவியைச் சுற்றி ஒரு பைபாஸ் வால்வும் அவசியம், பழுது பார்க்கும் நாளில் வீடு முழுக்கத் தண்ணீர் நின்றுபோகாமல் இருக்க.